அக்கா நார்வே போகாத கதை

அண்ணா, அக்கா நார்வே போகாமல் செத்ததற்கு நீதான் காரணம். வியாதி இல்லை. நீ.

இதை உன்னிடம் நேரிலேயே சொன்னேன். நீ கார் கதவைச் சாத்திக்கொண்டாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு ஆதார், பாஸ்போர்ட், ரயில் டிக்கெட் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பேன். மற்றவர்கள் விவரத்தை மற்றவர்கள் கட்டத்தில் நிரப்பித்தான் எனக்குப் பழக்கம். எங்கள் வீட்டு விவரத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை.

படிக்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது. நாங்கள் மூன்று பேர். அண்ணன் பெரியவன், அக்கா நடு, நான் கடைசி. அண்ணனுக்குச் சிட்லபாக்கத்தில் சொந்த வீடு, மனைவி, கார். அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் அவள் திருப்பிக் கேட்டதை அச்சில் போட முடியாது. நான் கல்யாணம் பண்ணி, அது சரிப்படாமல், ஒரு சூட்கேஸோடு சேலையூரில் அக்கா குடியிருந்த மாடி வீட்டுக்கு வந்து நின்றேன். "பெட்டிய உள்ள வை. பால் அடுப்புல இருக்கு, பாத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு குளிர் கிடங்கில் அக்கா சூப்பர்வைசர். ஐஸ்கிரீம், பட்டாணி, மீன் எல்லாம் உறைய வைத்து அடுக்குகிற இடம். வெளியே தார் ரோடு கொதிக்கும். உள்ளே மைனஸ் இருபது. மற்றவர்கள் உள்ளே போகவே மூக்கால் அழுவார்கள். அக்கா தேடிப் போய் நிற்பாள். எங்கள் வீட்டில் மொட்டைமாடி வெயில் நேராக மண்டையில் இறங்கும். சித்திரை வந்தால் அவள் கழுத்து முழுக்க வேர்க்குரு. "சென்னையில எனக்குன்னு கட்டின ஒரே ரூம் அந்த கோல்டு ரூம்தான்" என்பாள்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் யாரோ போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். பூமியின் வடக்குக் கோடியில், குளிர்காலத்தில், இருட்டு வானத்தில் பச்சைப் பச்சையாக வெளிச்சம் ஆடுகிறது. துணி காயப் போட்ட கொடியில் காற்று அடித்தால் எப்படி அலையும், அப்படி. அக்கா நேராக என் கடைக்கு வந்து இறங்கினாள். கடையில் கூட்டம்.

"ஏய், இது நெஜமா, கிராபிக்ஸா?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். "நெஜம்தான்க்கா. நார்தன் லைட்ஸ்னு பேரு."

"அப்போ போய்ப் பாக்கணும்."

அக்கா லேசில் எதற்கும் ஆசைப்படுகிறவள் இல்லை. ஆசைப்பட்டால் விடுகிறவளும் இல்லை. அன்றிலிருந்து அதே பேச்சு. சூரியனிலிருந்து ஏதோ கிளம்பி வந்து நம் காற்றில் மோதுகிறது, அதுதான் அந்த வெளிச்சம் என்று எங்கெங்கோ படித்து எனக்குப் பாடம் எடுத்தாள். "சூரியன் இப்போ செம ஆட்டம் போடுது. கொஞ்ச நாள்தான். அப்புறம் அடங்கிடும். மறுபடி ஆட்டம் போட பத்து வருஷம் ஆவுமாம்."

"பத்து வருஷம் கழிச்சே போலாமே."

"அப்போ என்னை யாரு தூக்கினு போறது, நீயா? இப்பவே முட்டி கடகடங்குது."

அந்த வெளிச்சம் தெரிகிற நார்வே ஊர் ஒன்றில், ஏதோ ஓட்டல் கூரையில் கேமரா வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். அங்கே நடு ராத்திரி, நமக்கு விடியற்காலை. அக்கா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு காபி போடுவாள். பெரும்பாலும் மேகம்தான் தெரியும். "இன்னிக்கும் மூடிக்கிச்சு. அவங்க ஊர் வானம் நம்ம ஊர் கார்ப்பரேஷன் மாதிரி, என்னிக்கு வேலை செய்யும்னே தெரியல." ஒருநாள் தெரிந்தது. அவள் போட்ட கத்தலில் நான் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு ஓடி வந்தேன். சின்னத் திரையில் பச்சையாக ஒரு கோடு, மெல்ல விரிந்து, மடிந்து. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. ஒரு சொட்டுப் பால் சிந்தினாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் போவதென்று முடிவு செய்தோம். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு நானே போட்டேன். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்த எனக்கு அதுவரை பாஸ்போர்ட் கிடையாது. போட்டோவில் அக்கா சிரித்துவிட்டாள் என்று திருப்பி எடுக்கச் சொன்னார்கள். "மூஞ்சிய உம்முன்னு வெச்சிக்கினா உலகத்த சுத்தலாமா? எங்கண்ணி எப்பவோ சுத்தி இருக்கணுமே" என்றாள். அண்ணி பக்கத்தில் இருந்தாள்.

குளிருக்குக் கோட்டு வேண்டும். புதுசு வாங்க அக்காவுக்கு மனசு வரவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். அங்கே கிடைக்காத பழைய சாமானே கிடையாது. தார்ப்பாயில் கம்பளிக் கோட்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாக்கா, வெயிலு மண்டைய பொளக்குது, நீ இன்னாடான்னா சொட்டரு கேட்டுகினு கீறே. ஊட்டியா?"

"நார்வே."

"அது எங்க கீது? கொடைக்கானலு தாண்டியா?"

"தாண்டிதான். கொஞ்சம் தூரம்."

"அப்போ இத்த எட்துக்கோ. வெள்ளைக்காரன் போட்ட கோட்டு. அவன் குளிர்ல சாவல. நீயும் சாவ மாட்டே."

அக்கா அதைப் பஸ்ஸிலேயே போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

கோட்டு தாங்குமா என்று பார்க்க வேண்டுமே. கிடங்கு மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போய், கோட்டை எனக்கு மாட்டி, கோல்டு ரூமுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஐஸ்கிரீம் பெட்டி மலை போல. மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கண் இமை ஒட்டிக்கொண்டது. கதவைத் தட்டினேன்.

"தெறக்கா! செத்துடுவேன்க்கா!"

வெளியிலிருந்து அவள் குரல். "இன்னும் கொஞ்ச நேரம். அங்க போயி யார்கிட்ட கதவத் தெறன்னு சொல்லுவே?"

வெளியே வந்ததும் கை இரண்டையும் பிடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தாள், அப்படிச் சிரித்தாள். எங்கள் பயணத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்த கடைசி இடம் அந்த அறைதான்.

தீபாவளி முடிந்து அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஜாக்கெட் தொளதொளத்தது. அண்ணன் காரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நான் கடையில் இருந்தேன். எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ரிசல்ட் வந்த அன்று என்ன நடந்தது என்று அக்காவே சொன்னாள். நர்ஸ் வந்து, "இவங்க கூட வந்த ஆம்பளை யாரு?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் எழுந்து உள்ளே போயிருக்கிறான். அக்கா ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வயிறு அவளுடையது. உள்ளே போனது இவன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். பெரிய வியாதி என்றால் வியாதிக்காரரைத் தவிர எல்லோருக்கும் சொல்வார்கள்.

வெளியே வந்து, "அல்சர்" என்றான்.

அது அல்சர் இல்லை. வயிற்றில் புற்று. முற்றிப்போய்விட்டது, ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் அக்காவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சிட்லபாக்கம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். சாப்பாட்டுக்கு நடுவில் ஆரம்பித்தான். "டாக்டர் குளிரு ஆவாதுன்னுட்டாரு. புண்ணு ஆறட்டும். அடுத்த வருஷம் நாம எல்லாருமே போலாம். குடும்பமா."

அக்கா கையில் பிசைந்த சோறு. "விசா வந்துடுச்சேண்ணா."

"விசா மறுபடி போட்டுக்கலாம். தங்கச்சிக்கு அதானே வேலை?"

"சூரியன் அடங்கிடும்ணா."

"சூரியன் எங்க போவுது? நாளைக்கும் காலையில வரும்" என்றான். அண்ணி சிரித்தாள். இப்போது நினைத்தால், அண்ணி அதிகமாகவே சிரித்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "டாக்டர் சொன்னா சரிதான்" என்றாள். மறுநாள் கடையைத் திறந்து முதல் வேலையாக பிப்ரவரிக்கு எடுத்திருந்த விமான டிக்கெட்டுகளை கேன்சல் செய்தேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் கேட்டது. 'உடல்நிலை' என்று போட்டேன். வரிசையில் நின்றிருந்த பெரியவர், "சீக்கிரம்மா, ஆதார்ல அட்ரஸ் மாத்தணும்" என்றார்.

மாத்திரையை அண்ணனே வாங்கி வருவான். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, காலை, மதியம், ராத்திரி என்று குட்டி டப்பாக்களில் போட்டுக் கொடுப்பான். "பாரேன், எப்படிப் பாத்துக்கறான்" என்று அக்கா பெருமைப்பட்டாள். நானும்தான். மாத்திரையின் பெயர் எங்கள் கண்ணில் படக்கூடாது என்று பிரித்திருக்கிறான்.

நாங்கள் விமானத்தில் இருந்திருக்க வேண்டிய நாள் வந்தது. அன்று அக்கா வழக்கம் போல வேலைக்குப் போனாள். திரும்பும்போது தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி முளைக்கீரை வாங்கிக்கொண்டு, சேலையூர் வரை நடந்தே வந்தாள். ஆட்டோக்காரன் அதிகம் கேட்டான் என்று அவனோடு சண்டை போட்டுவிட்டு நடந்திருக்கிறாள். உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அந்த உடம்பு ஒரு விமானத்தில் உட்கார்ந்து வந்திருக்காதா? ஒரு வேனில் ஏறி, போர்வை போர்த்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்திருக்காதா?

பங்குனியில் உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஆளுக்கு ஒரு கோயில் விபூதி. அல்சருக்கு இத்தனை பேரா என்று எனக்கே எரிச்சல். கேளம்பாக்கத்திலிருந்து அண்ணியின் அம்மா வந்தார். அக்கா முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு அத்தை அழறீங்க? நான் நார்வே போறதுக்கா?" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம்தானே? உங்களுக்கும் ஒரு கோட்டு வாங்கிடறேன், வாங்க."

அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியும். கேளம்பாக்கத்தில் அவர் தெருவுக்கே தெரியும். எங்கள் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியும். மாடியில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது.

ஒரு சாயந்திரம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவால் நிற்க முடியவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே விமானம் ஒன்று மீனம்பாக்கம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, எனக்கு வேற ஏதாவதா?"

"வேறன்னா?"

"செத்துகித்துப் போயிடுவேனா?"

"அல்சருக்கு யாராவது சாவாங்களாக்கா? டாக்டர்கிட்ட அண்ணன்தானே பேசிச்சு?"

நான் எடுத்துப்போட்ட துணியை மடித்தாள். "அதானே. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்."

நான் மனசறிந்து பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அக்கா இந்த உலகத்தில் கேட்ட மிகப் பெரிய கேள்விக்கு அண்ணனின் பொய் என் வாய் வழியாகத்தான் பதிலாகப் போனது. இதை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

ஆனி மாதம் அவள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றுதான் கேண்டீனில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் சொன்னான். "அவளுக்குத் தெரியக்கூடாது" என்றான். தெரிந்துகொள்ள அவளுக்கு நினைவே இல்லை. அதற்குப் பிறகு அக்கா கண் திறந்து என்னைப் பார்க்கவில்லை. பேசவில்லை. குரோம்பேட்டை மின்மயானத்தில் முடித்தோம்.

அப்போதுகூட அண்ணன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. பாவம், சொல்ல வாய் வரவில்லை, அவனும் உள்ளுக்குள் எவ்வளவு அழுதானோ என்றுதான் நினைத்தேன். கோபம் அதற்குப் பிறகு வந்தது. இறந்ததற்கான ஒரு சான்று வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அக்காவைப் பார்த்த அந்த டாக்டர் வராண்டாவில் எதிரே வந்தார். அடையாளம் தெரிந்து நின்றார்.

"நீங்க அவங்க தங்கச்சிதானே? அந்த நார்தன் லைட்ஸ் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களே. போய்ட்டு வந்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே டாக்டர் குளிரு ஆகாதுன்னீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "நானா? இல்லம்மா. உங்க அண்ணன்கிட்ட நான் என்ன சொன்னேன்னா, மூணு நாலு மாசம் நல்லா நடமாடுவாங்க, வலிக்கு மருந்து எழுதித் தர்றேன், எங்க போகணும்னாலும் உடனே கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்கன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

அந்த வராண்டாவில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தேன். டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

அன்றே சிட்லபாக்கம் போனேன். அண்ணன் காரை எடுத்துக்கொண்டிருந்தான். கேட்டேன். அவன் மறுக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"நீங்க ரெண்டு பொம்பளைங்களா போறீங்க. அங்க ஏதாவது ஆயிருந்தா? பாடிய எப்படிக் கொண்டாருவே? யாருக்கு பாஷை தெரியும்? நான் இங்க உக்காந்துகினு என்ன பண்ணுவேன்?"

"பாடியா? அப்போ அவ உயிரோட இருந்தாண்ணா. கீரை வாங்கினு நடந்து வந்தா."

"உனக்குப் புரியாது. நல்லதுக்குத்தான் பண்ணேன்." கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் கெட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். அக்காவைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறான். பெட்பேன் எடுத்திருக்கிறான். பயந்துவிட்டான். பயப்படட்டும். பயந்தவன் அவளிடம் வந்து, "எனக்கு பயமா இருக்கும்மா, உனக்கு இப்படி இருக்கு, நீயே சொல்லு, போறியா இருக்கியா" என்று கேட்டிருக்கலாம். அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒருவேளை போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். என்னைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கலாம். கீழ் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்த அவளுடைய சாவு, அவளுக்குத் தெரியக் கூடாதா?

போன வாரம் நம் குடும்ப குரூப்பில் அண்ணன் ஒரு செய்தி போட்டான். முதல் வருஷத் திதி வருகிறது, மண்டபம் பிடித்திருக்கிறேன், எல்லோரும் வந்து சாப்பிட வேண்டும் என்று. கீழே, அக்காவின் அந்தச் சிரிக்காத பாஸ்போர்ட் போட்டோவைப் போட்டு, 'ஒரு கவலையும் தெரியாமல் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்த தெய்வம்' என்று எழுதியிருந்தான். அத்தனை பேரும் கை கூப்பினார்கள். ஃபிளெக்ஸிலும் இதேதான் அடிக்கப்போகிறானாம்.

நிம்மதியாக இல்லை, அண்ணா. ஏமாந்து போனாள். தெய்வம் இல்லை, மனுஷி. அவளுக்கு ஒரு ஆசை இருந்தது, அதற்குக் கொஞ்சம் நாளும் இருந்தது. அந்த நாளை உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'அடுத்த வருஷம்' என்று அவள் கையில் வெறும் காகிதத்தைக் கொடுத்தாய்.

திதிக்கு நான் வருவேன். முதல் பந்தி உட்காரும் முன் நீ எழுந்து நிற்க வேண்டும். நகர் சங்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவன்தான் நீ, கூச்சம் ஒன்றும் இல்லை. என் காதில் வேண்டாம், கார் பக்கத்தில் வேண்டாம். கேளம்பாக்கத்துக்காரர்கள், கிடங்கில் அவளோடு வேலை செய்தவர்கள், கீழ் வீட்டுக்காரர், எல்லோரும் இருக்கும்போது சொல். டாக்டர் அவளைக் கூட்டிப்போகச் சொன்னாரா, இல்லையா? சொன்னார் என்றால், அவளிடம் மறைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? வாயைத் திறந்து பதில் சொல், அண்ணா. எல்லோரும் கேட்கட்டும்.